வள்ளத்தில் கருவி ஏறிவிட்டது; கரையில் கேட்பது யார்?

ஆரோக்கியபுரத்தில் தொடங்கி நீரோடியில் முடிகிறது குமரி மாவட்டத்தின் கடற்கரை. நீளம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மீனவ ஊர்கள் 40-க்கும் மேல். இதில் எந்தத் துறையில் போய் நின்றாலும் மணலில் ஏற்றிவைத்த ஃபைபர் வள்ளங்களைப் பார்க்கலாம். இருபத்தைந்து முப்பது அடி நீளம், அமரத்தில் ஒரு 9.9 குதிரைத்திறன் அவுட்போர்ட் இன்ஜின், நடுவில் ஐஸ் பெட்டி. கூரையும் கிடையாது, அறையும் கிடையாது. அலை எகிறினால் ஆளும் நனைவார், சோற்றுப் பாத்திரமும் நனையும்.

இந்தத் திறந்த வள்ளத்துக்குள் ஜிபிஎஸ் ஏறிவிட்டது. எக்கோ சவுண்டர் ஏறிவிட்டது. வயர்லெஸ் செட் ஏறிவிட்டது. பெரும்பாலும் கைக்காசிலும் வட்டிக் காசிலும் வாங்கியவை. புதுக் கருவி ஒன்று சந்தைக்கு வந்தால், அதில் தனக்கு என்ன பயன், உப்புத் தண்ணீரில் எத்தனை மாதம் தாங்கும் என்று குமரி மீனவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்.

ஆனால் காசு எந்த வரிசையில் செலவாகிறது என்று பாருங்கள். முதலில் இன்ஜின், பிறகு தூண்டிலும் வலையும், அதற்குப் பிறகு மீனைத் தேடும் கருவி. உதவி கேட்கும் கருவி கடைசி. இதற்காக மீனவரைக் குறை சொல்வது நியாயமில்லை. எக்கோ சவுண்டர் மறுநாள் ஏலத்திலேயே பதில் சொல்லிவிடுகிறது. உதவி கேட்கும் கருவிக்கோ மறுமுனையில் ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த மறுமுனையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் வள்ளத்துக்குள் ஏறிப் பார்ப்போம்.

மரத்திலிருந்து ஃபைபருக்கு

கட்டுமரம் இந்தக் கரைக்குப் பொருத்தமான கலம். அலை வாயைக் கிழித்துக்கொண்டு போகும், கவிழ்ந்தாலும் மூழ்காது. ஆனால் அதற்கேற்ற மென்மரம் குறைந்துகொண்டே வந்தது, விலை ஏறிக்கொண்டே போனது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பொறியாளர் பியர் ஜில்லே, கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவை அமைப்போடு சேர்ந்து முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டிப் பார்த்தார். அந்த அனுபவத்தை 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்' என்ற பெயரில் 1985-இல் நூலாகவும் எழுதினார். சிறிய படகைத் திருத்தி அமைப்பது பெரிய கப்பல் கட்டுவதைவிட எளிது என்று நினைப்பவர்கள் அந்தத் தலைப்பையாவது படிக்க வேண்டும். 1980-களில் அவுட்போர்ட் இன்ஜினும் ஒட்டுப்பலகை வள்ளமும் சேர்ந்தே பரவின. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ், இன்ஜின் சர்வீஸிலும் படகு கட்டுவதிலும் இந்தக் கரைக்குத் துணை நின்றது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து இறங்கிய ஃபைபர் வள்ளங்கள் மாற்றத்தை முடித்துவைத்தன.

இன்ஜின் வந்ததும் தூரம் கூடியது. தூரம் கூடியதும் பழைய கரையடையாளங்கள் போதாமல் போயின. கருவிகளுக்கான தேவை அங்கேதான் பிறந்தது.

ஓட்டத்தில் இழுக்கும் தூண்டில்

குமரிக் கரை தூண்டில்காரர்களின் கரை. தூத்தூர் வட்டாரத்து எட்டு ஊர்க்காரர்கள் ஆழக்கடலில் சுறாவும் கேரையும் பிடிப்பதில் இந்தியா முழுவதும் பேர் பெற்றவர்கள். அவர்கள் விசைப்படகில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறார்கள். நாம் பேசுவது அதைவிடச் சிறிய கலத்தைப் பற்றி, அதில் ஓட்டத்திலேயே தூண்டிலை இழுத்துச் செல்லும் தொழிலைப் பற்றி.

நெய்மீன், சூரை, பாரை, மயில்மீன் எல்லாம் ஓடுகிற இரையைத் துரத்துகிற மீன்கள். நின்ற இடத்தில் போடும் இரையைவிடத் தப்பித்து ஓடுவது போலத் தெரியும் இரைமேல் அவற்றுக்கு வெறி அதிகம். அதனால் வள்ளத்தை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் நான்கைந்து தூண்டில்களை இழுக்கிறார்கள். மணிக்கு நான்கிலிருந்து ஏழு கடல் மைல் வேகம் பெரும்பாலும் போதும். அதற்குக் குறைந்தால் செயற்கை இரை செத்த மீனாகத் தெரியும். கூடினால் நீர்மேல் துள்ளிச் சுழன்று நூலை முறுக்கிவிடும்.

இரு பக்கமும் மூங்கில் கழி நீட்டி, நூல்களை அகலப் பிரித்து விடுவார்கள். வெளிநூல் நீளம், உள்நூல் குட்டை. இந்த நீள வித்தியாசம் இல்லாவிட்டால் வள்ளம் திரும்பும்போது எல்லாம் ஒரே சிக்கலாகிவிடும். அதனால் திருப்பமும் அகலமாகத்தான் இருக்க வேண்டும். கழியில் நூலைக் கட்டும் இடத்தில் ரப்பர் ட்யூப் துண்டு ஒன்றைச் சேர்த்துக் கட்டினால் பெரிய மீன் ஒரே இழுப்பில் கடிக்கும்போது அந்த அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். நூல் அறாது, மீனின் வாயும் கிழியாது. ரப்பர் நீள்வதைப் பார்த்தே மீன் ஏறியது தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கில் விலை போகும் வெளிநாட்டு ரீலும் கம்பும் செய்கிற வேலையில் பாதியை இந்த ட்யூப் துண்டு செய்துவிடுகிறது.

முள்ளுக்கு மேலே என்ன கட்டுவது என்பதில்தான் அனுபவம் தெரியும். நெய்மீனின் பல் கத்தரிக்கோல். வெறும் நைலான் நூலில் முள்ளைக் கட்டினால் முள்ளும் இரையும் போய்விடும். ஆகவே கடைசி ஒரு முழத்துக்காவது எஃகுக் கம்பி வேண்டும். சூரைக்கு அந்தப் பல் கிடையாது, கண் கூர்மை. தெளிந்த நீரில் கம்பி மின்னினால் பக்கத்தில் வராது. அதற்கு நல்ல தடிப்பில் நிறமற்ற நைலான் போதும். நூலும் கம்பியும் சேரும் இடத்தில் ஸ்விவல். அதை மலிவாக வாங்கி உப்பில் இறுகவிட்டால் நூறு மீட்டர் நூலும் முறுக்கேறிக் கெட்டுப்போகும். முள் மஸ்டாட் போன்ற பெயர் தெரிந்த கம்பெனியுடையதாக இருந்தாலும், ஒவ்வொரு நடைக்கும் முன் அரத்தால் முனையைத் தீட்டாமல் கிளம்புவது மீனைக் கூப்பிட்டுவிட்டுக் கதவைப் பூட்டுவதற்குச் சமம்.

இரை? ரப்பர் கணவாய், வெள்ளித் தகடு, இறகு எல்லாம் கடையில் கிடைக்கும். மீன் வயிற்றின் வெள்ளைத் தோலை நாடாவாக அறுத்துக் கோப்பதும், பிரித்த நைலான் கயிற்று இழையோடு பளபளக்கும் தாளைச் சேர்த்துக் கட்டுவதும் கைவேலை. எது நல்லது என்பதைத் தண்ணீரின் கலங்கலும் வெளிச்சமும் தீர்மானிக்கும். விடியலும் அந்தியும்தான் முக்கிய வேளை.

ஐஸ் பெட்டியையும் நான் தூண்டில் சாமானில்தான் சேர்ப்பேன். சூரை வெதுவெதுப்பான இரத்தம் கொண்ட மீன். போராடிச் சாகும்போது உடம்பு இன்னும் சூடாகிறது. பிடித்த உடனே இரத்தம் வடியவிட்டுக் குடலை நீக்கி ஐஸில் அழுத்தி வைக்காவிட்டால் சதையில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு கூடும். அதை எந்தக் குழம்பில் கொதிக்க வைத்தாலும் அழியாது. ஒவ்வொன்றாகத் தூண்டிலில் ஏறும் மீனை ஒவ்வொன்றாகக் கவனிக்க முடியும். வலையில் மொத்தமாக ஏறும் மீனுக்கு அந்தக் கவனிப்பு வாய்க்காது. தூண்டில் மீனுக்கு ஏலத்தில் தனி மதிப்பு வர வேண்டும் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும். அந்த மதிப்பு வந்தால் கடலின் அடியை அரித்து எடுக்கும் தொழில்மீது உள்ள ஆசை தானாகக் குறையும்.

பாரைக் காட்டும் திரை

ஜிபிஎஸ் வருவதற்கு முன்பு கரைதான் வரைபடம். மருந்துவாழ்மலையின் உச்சி ஒரு கோவில் கோபுரத்துக்கு நேராக வர வேண்டும். அதே சமயம் மேற்கே முட்டம் கலங்கரை விளக்கம் இன்னொரு குன்றின் சரிவைத் தொட வேண்டும். இந்த இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் கடலுக்கு அடியில் பார், அதாவது பாறைமேடு, இருக்கும். அந்தப் பாரில் கலவாவும் விளமீனும் கிடக்கும். ஈயக் குண்டில் மெழுகு தடவி இறக்கி, ஒட்டிவரும் மண்ணைப் பார்த்து அடித்தளத்தைச் சொல்வார்கள். நீவாடு என்ற நீரோட்டம் எந்தப் பக்கம், காற்று மேற்கிலிருந்து வரும் கச்சானா கிழக்கிலிருந்து வரும் கொண்டலா என்பதெல்லாம் அதற்கு மேல். மீனவர்களின் இந்தக் கடலறிவை எழுத்தில் பதிவு செய்யும் பணியைக் குமரிக் கடற்கரையைச் சேர்ந்த பேராசிரியர் வறீதையா கான்ஸ்தந்தின் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார். நம் கல்லூரிகளின் பாடத்தில் அது இடம் பெற வேண்டும்.

மலை தொடுவானத்தில் மறையும் தூரம் போனபின் இந்தக் கணக்கு நின்றுவிடும். அங்கே ஜிபிஎஸ் ஆட்சி. பாரின் நடுவில் நின்று ஒரு பொத்தானை அழுத்தினால் இடம் பதிவாகிவிடும். அடுத்த மாதம் நடு இரவில் வந்தாலும் சில மீட்டர் வித்தியாசத்தில் அதே இடத்துக்குக் கொண்டுவந்து விடும். தகப்பன் பிள்ளைக்குக் கொடுத்த கரையடையாளம் இன்று எண்களாகப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி பழுதானால் அந்தச் சொத்தும் போகும். பதிந்த இடங்களை ஒரு நோட்டில் எழுதிவைத்து வீட்டில் பத்திரப்படுத்துங்கள் என்று இதைப் படிக்கும் ஒவ்வொரு வள்ளக்காரரையும் கேட்டுக்கொள்கிறேன்.

எக்கோ சவுண்டரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: திரையில் மீன் தெரிந்தால் அது வள்ளத்துக்கு நேர் கீழே இருக்கிறது என்பது. கருவி ஒலியைக் கூம்பு வடிவில் அனுப்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 41 பாகம், அதாவது 75 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டுத் திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். கூம்பின் கோணம் 20 டிகிரி என்றால் அந்த ஆழத்தில் அது பார்க்கும் வட்டத்தின் அகலம் சுமார் 26 மீட்டர். மீன் அந்த வட்டத்துக்குள் எங்கும் இருக்கலாம். 200 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் ஆழம் குறைந்த இடத்தில் படம் துல்லியமாக வரும். ஆழம் கூடினால் 50-க்கு மாற்ற வேண்டும். தரைக்கோடு தடித்து, கீழே வால்போல் நீண்டால் கல்; மெலிந்து மங்கினால் சேறு.

ஓட்டத்தில் தூண்டில் இழுப்பவர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். திரையின் வலது ஓரத்தில் தெரிவது இந்த நொடி. மற்றதெல்லாம் கடந்துபோன இடம். ஐந்து கடல் மைல் வேகத்தில், வள்ளத்துக்கு 40 மீட்டர் பின்னால் வரும் இரை அந்த இடத்தை அடையச் சுமார் 15 நொடி ஆகும். பாரின் விளிம்பு தெரிந்ததும் வள்ளத்தைத் திருப்பிவிட்டால் இரை விளிம்புக்குப் போகாமலே திரும்பிவிடும். நெய்மீன் சுற்றுவது அந்த விளிம்பில்தான், நடுப்பாரில் அல்ல.

கருவியின் கண்ணான டிரான்ஸ்டியூசரை எங்கே பொருத்துவது? நிறுவனத்தின் கையேடு பின்பலகையில் திருகாணி போடச் சொல்கிறது. அந்தக் கையேடு அமைதியான ஜெட்டியில் கட்டிக்கிடக்கும் படகுக்கு எழுதியது. இங்கே வள்ளம் அலை வாயில் பாய்ந்து மணலில் ஏற வேண்டும். அப்போது முதலில் உடைவது அதுதான். இன்ஜின் விசிறி கிளப்பும் காற்றுக் குமிழியும் பக்கத்திலேயே இருப்பதால் படம் கலங்கும். ஒரு குழாயின் முனையில் டிரான்ஸ்டியூசரைக் கட்டி, வள்ளத்தின் பக்கவாட்டில் கொக்கியில் மாட்டி, பாருக்கு வந்ததும் தண்ணீருக்குள் இறக்கி, கரைக்குத் திரும்பும் முன் தூக்கி வைத்துவிடுவதே நம் கரைக்கு ஏற்ற வழி. குழாய் ஆடாமல் முன்னும் பின்னும் கயிறு கட்டினால் போதும்.

கைபேசியில் வரும் தகவலும் ஒரு கருவிதான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் வழியே கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் பாசியின் பச்சையத்தையும் அளந்து மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களை அறிவிக்கிறது. குமரிமுனைக்குத் தெற்கே சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வாட்ஜ் பேங்க், 1976-இல் இலங்கையோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி இந்தியாவின் உரிமைக்குள் வந்த மேட்டுக்கடல். அதன் பார்கள் இந்தக் கருவிகளுக்கெல்லாம் உயிர் கொடுக்கின்றன. அந்த மேட்டைக் கெடுத்துவிட்டால் எத்தனை அங்குலத் திரை வாங்கி என்ன பயன்?

எல்லாவற்றுக்கும் ஒரு பேட்டரி

இனி யாரும் பேசாத சாமான். கருவி விற்பவர் பேட்டரியைப் பற்றிப் பேசுவதில்லை. மானியம் தருபவரும் பேசுவதில்லை.

ஜிபிஎஸ்ஸும் எக்கோவும் சேர்ந்த சிறிய திரை சுமார் ஒரு ஆம்பியர் எடுக்கும். வயர்லெஸ் கேட்டுக்கொண்டிருந்தால் அரை ஆம்பியருக்குள். 25 வாட்டில் பேசினால் பேசும் நேரத்துக்கு ஐந்து ஆம்பியர். விளக்கு தனி. 12 மணி நேரம் கடலில் இருந்தால் 20 ஆம்பியர்-மணி போய்விடும். சாதாரண ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் சாகும். ஆகவே 40 ஆம்பியர்-மணிக்குக் குறைந்த பேட்டரி இந்தக் கணக்குக்கு ஆகாது. ஆனால் கையால் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சிறிய அவுட்போர்ட் மாடல்கள் பலவற்றில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி கிடையாது. சிலவற்றில் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். எனவே பேட்டரியைத் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றுகிறார்கள். இரண்டாம் நாள் தங்கல் என்றால் கருவியை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். முதலில் அணைவது வயர்லெஸ். மீன் காட்டாத கருவி அதுதானே.

இதற்குத் தீர்வு பெரிய செலவில்லை. இன்ஜின் மானியம் தரும்போது சார்ஜிங் காயிலும் ரெக்டிஃபையரும் சேர்ந்த மாடலுக்கு மட்டுமே மானியம் என்று விதி வைக்கலாம். 50 வாட் சோலார் பலகை ஒன்று பகலில் வயர்லெஸ்ஸையும் விளக்கையும் தாங்கும். பேட்டரியைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஃப்யூஸ் போட்டு, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியில் இணைத்தால் இன்று கரையில் குவிந்து கிடக்கும் 'கெட்டுப்போன' செட்டுகளில் பல கெட்டே போயிருக்காது. உப்புக் காற்றில் சாதாரண வீட்டு வயர் உறைக்குள்ளேயே பச்சை பூத்து அரித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது.

ஓகி காட்டிய இடைவெளி

2017 நவம்பர் 29 இரவு. இலங்கைக்குத் தென்கிழக்கே உருவாகிக் குமரிக்கடலுக்கு வந்த தாழ்வு மண்டலம் மறுநாளே ஓகி புயலானது. உருவாவதற்கும் அடிப்பதற்கும் இடையே நேரமே இல்லை. ஆழக்கடல் படகுகள் பல நாள்களுக்கு முன்பே போயிருந்தன. வள்ளங்கள் அன்று மாலைதான் இறங்கியிருந்தன. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பவில்லை. தப்பியவர்கள் லட்சத்தீவிலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரக் கரையிலும் போய் ஒதுங்கினார்கள். அவர்கள் உயிரோடிருக்கிறார்கள் என்ற செய்தி வீடுகளுக்கு வந்துசேர நாள்கள் ஆயின. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது.

அந்தப் படகுகளில் ஜிபிஎஸ் இருந்தது. தாம் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். அதைக் கரைக்குச் சொல்ல வழியில்லை.

ஏன் இல்லை என்பதற்குக் கணக்கு எளிது. விஎச்எஃப் வயர்லெஸ் ஏறக்குறைய பார்வைக்கோட்டில்தான் போகும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.25-ஆல் பெருக்கினால் அது எட்டும் தொடுவானம் கடல் மைலில் கிடைக்கும். வள்ளத்தில் நான்கு மீட்டர் கம்பம் நட்டால் நாலரைக் கடல் மைல். இரண்டு வள்ளங்கள் தமக்குள் ஒன்பது கடல் மைல் பேசலாம். கரையில் 36 மீட்டர் கோபுரம் இருந்தால் அதன் பங்கு பதின்மூன்றரை. ஆக மொத்தம் 18 கடல் மைல். கையில் பிடிக்கும் ஐந்து வாட் செட்டை வள்ளத்தில் உட்கார்ந்தபடி பேசினால் இதில் பெரும்பகுதி போய்விடும். வாட்டைக் கூட்டுவதைவிடக் கம்பத்தை உயர்த்துவதே பலன் தரும். இந்த எல்லைக்கு அப்பால் வள்ளத்துக்கு ஏற்ற வழி செயற்கைக்கோள்தான். விருப்பப்படி வெளிநாட்டு சாட்டிலைட் போன் வாங்கி வைக்க இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. அனுமதி பெற்ற இன்மர்சாட் சேவை மட்டுமே வழி. அந்தச் செலவு ஒரு வள்ளத்துக்குக் கட்டுப்படியாகாது.

ஓகிக்குப் பிறகு அரசுகள் சும்மா இருக்கவில்லை. இன்காய்ஸ் 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவியை வெளியிட்டது. ககன் செயற்கைக்கோள் வழியே புயல் எச்சரிக்கையையும் மீன்வளத் தகவலையும் கைபேசி கோபுரம் எட்டாத தூரத்திலும் மீனவரின் கைபேசிக்குச் சேர்க்கும். நல்ல கருவி, ஆனால் ஒருவழி. கேட்கலாம், பேச முடியாது. இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி 2010-இலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் இருப்பிடம் கடலோரக் காவல்படைக்குப் போகும். பழைய கருவியில் இருந்த குறை, அழுத்தியவருக்குப் பதில் வராது என்பதே. கவிழும் வள்ளத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தியவருக்கு, அந்தக் குரல் எங்காவது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. 2024 ஜனவரியில் வெளியான இரண்டாம் தலைமுறைக் கருவியில் 'செய்தி கிடைத்தது' என்ற பதில் திரும்பி வருகிறது. என் பார்வையில் இந்தப் பத்தாண்டின் மிக முக்கியமான முன்னேற்றம் இதுதான். உதவி வருகிறது என்று தெரிந்தவர் வள்ளத்தை விட்டுக் குதிக்க மாட்டார். கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம், 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்களுக்கு இலவசமாக டிரான்ஸ்பாண்டர் பொருத்துவது. இஸ்ரோ உருவாக்கிய இதில் இருவழியும் செய்தி போகும். இது விசைப்படகோடு நின்றுவிடாமல் இன்ஜின் பொருத்திய வள்ளங்களுக்கும் வர வேண்டும். அறை இல்லாத, கூரை இல்லாத, சார்ஜ் இல்லாத வள்ளத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தக் கரையில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

விலை மலிந்த ஒரு சாமானையும் சொல்லியாக வேண்டும். குமரிமுனைக்குத் தெற்கே உலகின் பெரும் கப்பல் பாதை போகிறது. 2018 ஆகஸ்ட் 7 அதிகாலையில் கேரளத்தின் முனம்பத்துக்கு அப்பால் 'ஓஷானிக்' என்ற படகின்மீது கப்பல் மோதியதில் குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் இறந்தார்கள். ஃபைபர் ரேடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. கப்பலின் திரையில் வள்ளம் தெரிவது அபூர்வம். அலுமினியத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்த ரேடார் பிரதிபலிப்பானுக்குப் பேட்டரி வேண்டாம், சர்வீஸ் வேண்டாம். கம்பத்தின் உச்சியில் கட்டினால் போதும். எக்கோ சவுண்டருக்கு முன்னால் வாங்க வேண்டியது இது.

மறுமுனை

தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் என்று நான்கு துறைமுகங்கள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. தேங்காய்ப்பட்டணத்து முகத்துவாரத்தில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், வள்ளம் கவிழ்ந்து இறந்தவர்கள் உண்டு. செயற்கைக்கோள் தேவைப்படாத தூரம் அது. நான்கு இடங்களிலும் இரவும் பகலும் ஆள் இருக்கும் வயர்லெஸ் அறை வேண்டும். அதில் உட்காருபவர் கடலுக்குப் போன குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும். 'பார்', 'நீவாடு', 'பாகம்' என்று நடுங்கும் குரல் சொன்னால் அவருக்குத்தான் உடனே புரியும். ஒவ்வொரு அழைப்பும் பதிவேட்டில் ஏற வேண்டும். எத்தனை நிமிடத்தில் பதில் போனது என்பதை மாதந்தோறும் ஊர்ச் சங்கத்தின் பலகையில் ஒட்ட வேண்டும். ஐடிஐ-களில் கடல் மின்னணுக் கருவிப் பழுதுபார்ப்பை ஒரு பாடமாக வைத்தால் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கரையிலேயே வேலை கிடைக்கும். செட்டைத் தூக்கிக்கொண்டு கொச்சிக்கு அலைய வேண்டாம். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அந்த 61 நாள்களில் ஊர் ஊராகப் போய்க் கருவிகளைச் சோதித்துக் கொடுக்க மீன்வளத்துறையால் முடியும்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது இவ்வளவுதான். வள்ளக்காரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வயர்லெஸ்ஸுக்கென்று தனி பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். எக்கோ எவ்வளவு குடித்தாலும் அதைத் தொட வேண்டாம். அபாய அழைப்புக்கு விஎச்எஃப் 16-ஆம் சேனல். கைபேசி எட்டும் தூரமென்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. வள்ளத்தின் உள்பக்கம், அமரத்தில் உட்காருபவர் கண்ணில் படும் இடத்தில், இந்த மூன்று எண்களையும் பெயின்ட்டில் எழுதிவையுங்கள்.